பச்சை மூடி

தம்பி, உங்க போன்ல சார்ஜ் இருக்கா? ஒரே ஒரு போன் பேசிட்டுத் தந்துர்றேன். என் போன் செத்துப்போச்சு. காலையில இருந்து அதுலயே அடிச்சு அடிச்சு, வலையங்குளம் வர்றதுக்குள்ள அணைஞ்சுருச்சு. மக நம்பர் எனக்கு மனப்பாடம். நான் திருட்டுப்பய இல்ல தம்பி, மூஞ்சியப் பாத்தாலே தெரியும்ல. கப்பலூர்ல தவமணி ட்ரம் கடைன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. நான்தான் தவமணி.

குடுத்தீங்களே, நல்லா இருப்பீங்க.

அடிக்குது... அடிக்குது... எடுக்க மாட்டேங்குறா. தெரியாத நம்பர்ல. நான்தான் சொல்லி வச்சிருந்தேன், தெரியாத நம்பர் வந்தா எடுக்காத, ஏமாத்துக்காரப் பயலுகளா இருப்பாய்ங்கன்னு. சொன்ன ஒரு பேச்சக் கேக்காத பிள்ளை, இத மட்டும் கேட்டுருக்கு.

போன் கொஞ்சம் என் கையிலயே இருக்கட்டுமா? அவளே திருப்பி அடிச்சாலும் அடிப்பா. நீங்களும் கமுதிதானே? நானும் கமுதிதான். இறங்கி ஆட்டோ பிடிச்சு அவ ஊருக்குப் போகணும். இந்த பஸ் டிரைவர் என்ன இப்படி உருட்டுறாரு? காரியாபட்டியில டீ குடிக்க இறங்கினவரு ஏறுறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருச்சு.

ஏன் இப்படிப் பறக்குறேன்னு பாக்குறீங்க. பயம். வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், சொல்லிட்டேன். எனக்குப் பயமா இருக்கு தம்பி. காலையில இருந்து பச்சத்தண்ணி உள்ள இறங்கல. தண்ணியப் பாத்தாலே பயமா இருக்கு. இப்ப நீங்க பாட்டிலத் திறந்து குடிச்சீங்கள்ல, அதுக்கே எனக்குத் திக்குன்னுச்சு.

என் மக மாசமா இருக்கா. சுகப்பிரியான்னு பேரு. அஞ்சு மாசம். கல்யாணமாகி நாலு வருசம் கோயில் கோயிலா ஏறி இறங்கி, இப்பத்தான் தங்கியிருக்கு. நேத்து எங்க வீட்டுல அவகிட்டப் பேசிட்டு வந்து சொல்றா, இன்னும் வாந்தி நிக்கலையாம். அஞ்சாம் மாசம் நிக்கணும்ல? நேத்து நான் அதக் காதுலயே வாங்கல. பொம்பளைக பேச்சுன்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில அந்தப் போன் வந்த பிறகுதான் அது வந்து நெஞ்சுல உக்காந்துக்கிச்சு.

யாரு போனா? சொல்றேன். முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நீல ட்ரம் தெரியும்ல? ஒரு ஆளு உள்ள இறங்கி உக்காரலாம், அம்புட்டுப் பெருசு. தண்ணி லாரி வர்ற ஊர்ல எல்லாம் வீட்டுக்கு வீடு வாசல்ல நிக்கும். அது எங்க இருந்து வருதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? யாரும் யோசிக்கிறதில்ல. அது தண்ணி பிடிக்கன்னு செஞ்சது இல்ல தம்பி. ஏதோ ஒரு சரக்கு வந்த ட்ரம்மு. சரக்கு தீந்ததும் எங்கள மாதிரி ஆளுக கைக்கு வரும்.

ஒரு ட்ரம் கம்பெனிக்கு நான் வேலை பாக்குறேன். அவங்க ட்ரம்மை விக்கிறது இல்ல, வாடகைக்கு விடுறது. சர்பத் பாகு காய்ச்சுற கம்பெனிக்கும் குடுப்பாங்க, வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து கம்பெனிக்கும் குடுப்பாங்க. காலி ட்ரம்மை ஊர் ஊராப் போய் ஏத்திட்டு வந்து, ஒரு அலசு அலசி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்புறது என் பொறுப்பு. அங்க மிசின்ல கழுவி, மறுபடி சரக்கு ஊத்த விடுவாங்க. இப்ப இதுதான் புதுசாம். குப்பைன்னே ஒண்ணு இருக்கக் கூடாதாம். எல்லாமே சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வந்துரணுமாம். என்னத்தையோ ஒரு பேரு சொன்னாங்க, வட்டப் பொருளாதாரம்னு. எனக்கு என்ன, வண்டி வாடகை வந்தாச் சரி.

இப்பக் கேளுங்க. பாகு ட்ரம்மும் மருந்து ட்ரம்மும் பாக்க ஒண்ணுதான். அதே நீலம், அதே அச்சு, அதே கனம். மூடியில மட்டும்தான் வித்தியாசம். பச்சை மூடின்னா பாகு. சிவப்பு மூடின்னா மருந்து. பாகு ட்ரம் பழசாப் போனா நான் தண்ணிக்கு வித்துக்கலாம், கம்பெனியே அனுமதி குடுத்திருக்கு. மருந்து ட்ரம் மட்டும் வெளிய போகவே கூடாது. அது மருந்துக்கே போகணும், மருந்துக்கே வரணும், ஓட்டையானா உருக்கிரணும். அம்புட்டுதான் சட்டம்.

விசத்துக்கும் சர்பத்துக்கும் ஒரே ட்ரம் செய்யலாமா? நீங்களே சொல்லுங்க. படிச்சவங்க செய்யிற வேலையா இது?

அதுக்கும் ஒரு கதை இருக்கு. அபர்ணான்னு ஒரு பொண்ணு. அதுதான் கம்பெனியில ட்ரம்மை டிசைன் பண்றது. கண்ணாடி போட்ட ஒல்லிப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். இந்தத் திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என் கடைக்கு வந்து ஒரு நாள் பூரா உக்காந்துச்சு. காலி ட்ரம்மைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துக்கிட்டு, ராக்கு போட்டுக் குடுத்த வரக்காப்பியக் குடிச்சுக்கிட்டு கேள்வியாக் கேக்குது. ராக்கு என் கடையில ட்ரம் கழுவுற பொம்பளை. அந்தப் பொண்ணு கேக்குது, "அங்கிள், நிறத்தை ட்ரம் முழுக்கக் குடுக்கவா, இல்ல மூடியில மட்டும் குடுத்தாப் போதுமா? தினம் இதப் பிடிச்சுத் தூக்குறது நீங்கதானே, உங்களுக்குத்தான் தெரியும்"னு. பெரிய மனுசனா மதிச்சு ஒரு பிள்ளை கேட்டா நல்லபடியாச் சொல்லணும்ல? ட்ரம்மே ரெண்டு கலர்னு ஆயிட்டா நான் கடையில இடத்த ரெண்டாப் பிரிக்கணும், வண்டிய ரெண்டு நடை விடணும். அதனால சொன்னேன், "மூடியிலயே வைம்மா, போதும்"னு. விடாமத் திருப்பிக் கேட்டுச்சு. "மூடி மாறிறாதா அங்கிள்?"

"மூடி எங்கம்மா மாறும்? ட்ரம்முக்கு மூடி கட்டுன பொண்டாட்டி மாதிரி. கடைசி வரைக்கும் கூடவேதான் இருக்கும்"னேன். ராக்கு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. அந்தப் பொண்ணும் சிரிச்சுச்சு.

அதுக்கப்புறம் ஒரு கூட்டம் போட்டு, மேடையில ஏத்தி எனக்குச் சால்வை போட்டாங்க தம்பி. களத்துல இருக்குறவங்ககிட்டக் கேட்டுச் செஞ்ச டிசைன்னு அந்தப் பொண்ணு மைக்ல என் பேரச் சொல்லுச்சு. அந்தப் போட்டோ கடையில மாட்டியிருக்கு.

மூடியெல்லாம் மாத்துவோம்தான். ஏன் மாத்தாம? அது வேற விசயம். சிவப்பு மூடி இருக்கே, அது அருமையான மூடி. கனமா இருக்கும், உள்ள ரப்பர் வளையம், சுத்தி இரும்புப் பட்டை. டிராக்டர்ல தண்ணி ஏத்திட்டுப் போனாக்கூட ஒரு சொட்டுச் சிந்தாது. பச்சை மூடி சும்மா தட்டு மாதிரி. வாங்க வர்ற சனம் எல்லாம் "அண்ணே, அந்தச் சிவப்பு மூடி போட்டுக் குடுங்க"ன்னுதான் நிப்பாய்ங்க. நானும் போட்டுக் குடுத்துருவேன். பச்சை மூடி மிஞ்சும். அத மருந்து ட்ரம்முக்கு மாட்டிக் கம்பெனிக்கு அனுப்பிருவேன். ட்ரம்முக்கு ஒரு மூடி இருக்கணும், இருந்துச்சு. மதுரை வட்டாரத்துல இந்தத் தொழில்ல இருக்குறவன் எல்லாம் பண்றதுதான், நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கல.

நாங்க என்ன கூமுட்டைகளா, குழப்பிக்கிறதுக்கு? எங்களுக்குன்னு ஒரு அடையாளம் வச்சிருந்தோம். கடைக்கு நடுவுல ஒரு வேப்பமரம் நிக்குது. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னா மருந்து ட்ரம்மு. இந்தப் பக்கம் நின்னா பாகு. மூடி எதுவா இருந்தா என்ன? இடத்தைப் பாத்தாத் தெரியும்.

தெரியும்... ஆடி மாசம் அந்தக் காத்து அடிக்கிற வரைக்கும்.

காலி ட்ரம்மைக் காத்து உருட்டிப் பாத்திருக்கீங்களா தம்பி? ஒண்ணு உருண்டா போதும், அது அடுத்ததத் தட்டும், அது அதுக்கடுத்ததத் தட்டும். நானும் ராக்கும் தகரக் கொட்டகைக்குள்ள ஒடுங்கி நின்னுட்டு வெளிய வந்து பாத்தா, அந்தப் பக்கத்து ட்ரம் இந்தப் பக்கம் கிடக்கு, இந்தப் பக்கத்து ட்ரம் ரோட்டுல கிடக்கு. பாத்துப் பாத்துத்தான் தூக்கி வச்சோம். ஒண்ணொண்ணா மோந்து பாத்தோம். மூக்கு எத்தனை ட்ரம்முக்குத் தம்பி தாங்கும்? கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒரே வாடையாத்தான் தெரியுது. ராக்கு சொன்னா, "அண்ணே, எனக்குச் சந்தேகமா இருக்கு, கம்பெனிக்கே எல்லாத்தையும் அனுப்பிருங்க"ன்னு. எல்லாத்தையும் அனுப்பிட்டு நான் கடையில ஈ ஓட்டவா?

அவளும் இப்ப வேலைக்கு வர்றதில்ல. கையெல்லாம் தோல் உரியுது, நாக்கு மரத்துப் போகுதுன்னு புலம்பிக்கிட்டே இருந்தா. சோப்பு ஒத்துக்கலன்னு நான் தேங்காய் எண்ணெய் வாங்கிக் குடுத்தேன். அதத் தடவிக்கிட்டு ரெண்டு நாள் வந்தா, அப்புறம் படுத்துட்டா. ஆள் கிடைக்காம நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

இருங்க, இன்னொரு தடவை அடிச்சுப் பாக்குறேன்.

அடிக்குது... ம்ஹூம். எடுக்கல. மாப்பிள்ளைக்கு அடிக்கலாம்னா அவரு நம்பர் என் போனுக்குள்ள செத்துக் கிடக்கு. அதுவும் அவரு கோவில்பட்டியில வேலைக்குப் போயிருப்பாரு. கடவுளே, அவ படுத்த படுக்கையாக் கிடக்காளா, ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா, ஒண்ணும் தெரியலையே. எனக்கு என்னென்னமோ தோணுது தம்பி.

ஆமா, காலையில வந்த போன். அபர்ணாதான் பேசுச்சு. குரலே சரியில்ல. சர்பத் கம்பெனியில பச்சை மூடி ட்ரம் ஒண்ணத் திறந்தா மருந்து வாடை தூக்கி அடிச்சிருக்கு. நல்ல வேளை, பாகு ஊத்துறதுக்கு முன்னாடி எவனோ மோந்து பாத்திருக்கான். எந்தக் கடையில இருந்து வந்த ட்ரம்னு பாத்தா, என் கடை. அந்தப் பொண்ணு சொல்லுது, "அங்கிள், மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளயே ஊறியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. தண்ணி ஊத்தி வச்சா கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில இறங்கிக்கிட்டே இருக்கும். குடிக்கிறவங்களுக்கு முதல்ல ஒண்ணும் தெரியாது. நீங்க வெளிய ஏதாவது வித்தீங்களா? ஒண்ணே ஒண்ணு போயிருந்தாலும் சொல்லுங்க, நாங்க ஆளனுப்பித் தேடுறோம்"னு.

நான் என்ன சொன்னேனா? "ஒண்ணுகூட வெளிய போகலம்மா"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? வித்தேன்னு சொன்னா, எத, யாருக்கு, எப்படி மூடி மாறுச்சுன்னு கேப்பாங்க. சால்வை போட்ட மனுசன் நான். அந்தப் பொண்ணு ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாருங்க, "அப்பாடா, ரொம்ப தேங்ஸ் அங்கிள்"னு. பாவம், அது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன். போனை வச்ச பிறகுதான் தம்பி எனக்குச் சுகப்பிரியா நெனப்பு வந்துச்சு. நின்ன இடத்துலயே தரையில உக்காந்துட்டேன்.

அவளுக்கும் ஒரு ட்ரம் அனுப்பியிருந்தேன். அந்தக் காத்து அடிச்ச பிறகு.

மாசமா இருக்குற பிள்ளை, லாரித் தண்ணி வாராவாரம் வருமோ வராதோன்னு இருக்குற ஊரு. அவ வீட்டுல இருந்தது சின்ன ட்ரம்மு. அப்பன் ட்ரம் கடை வச்சிருந்து மக குடத்தத் தூக்கிட்டு அலையலாமா? கடையில இருக்குறதுலயே நல்லதாப் பாத்து எடுத்தேன். ஒரு கீறல் இல்ல, ஒரு நசுங்கல் இல்ல, பளபளன்னு புதுசு. பச்சை மூடிதான் போட்டிருந்துச்சு, மரத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னுச்சு. அதக் கழட்டிச் சிவப்பு மூடி போட்டு, கமுதிக்கு மிளகா ஏத்தப் போன வண்டியில வச்சு விட்டேன். போன் பண்ணிச் சொன்னேன், "கண்ண மூடிக்கிட்டு ஊத்திக் குடிம்மா, அப்பா பாத்து அனுப்பியிருக்கேன்"னு. பாகு ட்ரம் அம்புட்டுப் புதுசா என்கிட்ட நிக்காது. கிழடு தட்டினதத்தான் விக்கவே விடுவாங்க. அது இன்னைக்குத்தான் உறைக்குது.

அருப்புக்கோட்டை வந்துருச்சு. நான் இறங்கல, நீங்க வேணா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. ஐயோ, இருங்க, வேணாம். அந்தக் கடையில பாருங்க, வாசல்ல. நீல ட்ரம்மு. மூடி சிவப்பு. அந்தா அங்க புரோட்டாக் கடையில ரெண்டு நிக்குது. இந்த ரோட்டுல பாதி ட்ரம்மு நம்ம கடையில வாங்குனதுதான். எப்பவும் இந்தப் பக்கம் வந்தா பெருமையாப் பாத்துக்கிட்டே வருவேன். இன்னைக்கு எல்லாம் வாயத் திறந்துக்கிட்டு என்னையே பாக்குற மாதிரி இருக்கு.

மத்தவங்களா? என்ன தம்பி கேக்குறீங்க, மத்தவங்களுக்குக் கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு. பாத்து ஊத்த மாட்டாங்களா? என் பிள்ளைய முதல்ல பாத்துக்கிறேன். அப்புறம் ஊரப் பாப்போம்.

அடிக்குது... ஹலோ! ஹலோ சுகப்பிரியா! அப்பாம்மா. அப்பாதான்... இது பஸ்ல ஒரு தம்பி போனு. நல்லா இருக்கியா? வாந்தி எடுக்குறியாமே... இன்னைக்கு இல்லையா? சரி, சரி. ஏம்மா, நான் ஒரு ட்ரம் அனுப்புனேன்ல, மிளகா வண்டியில... அதுல தண்ணி பிடிச்சுக் குடிக்கிறியா?... என்னது? சத்தமாச் சொல்லும்மா, பஸ் இரைச்சல்... ஆ... ஆ... யாருக்கு?... ஒரு வாய்கூடக் குடிக்கலையா? சத்தியமாவா?... இல்லம்மா, சும்மாதான் கேட்டேன். அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் இல்ல, பாக்கணும் போல இருந்துச்சு. வை, வை.

தம்பி! குடிக்கலையாம்! என் பிள்ளை ஒரு வாய் குடிக்கலையாம்! ஏ சாமி, உனக்குக் கெடா வெட்டுறேன். கும்பிட்ட சாமி கைவிடல தம்பி.

மூடியத் திறந்தாலே அவளுக்குக் குமட்டுச்சாம். மாமியார் மோந்து பாத்துட்டு, "ஒரு வாடையும் இல்ல, உனக்கு மசக்கை மூக்கு, சோறு வெந்தாக்கூடத்தான் உனக்கு வாடை அடிக்குது"ன்னாங்களாம். ஆனா இவளுக்கு முடியல. அப்படியே ஓரமாப் போட்டு வச்சிருந்திருக்கா. இந்த வாரம் பால்வாடியில இருந்த ட்ரம் வெடிச்சுப்போச்சாம். டீச்சரம்மா வந்து கேட்டுச்சாம். சும்மாதானே கிடக்குன்னு தூக்கிக் குடுத்துட்டாளாம். கெட்டிக்காரி. அவங்க அம்மா மாதிரி எதையும் கட்டி அழ மாட்டா.

அந்தப் பாட்டிலக் குடுங்க தம்பி, ஒரு வாய் குடிச்சுக்கிறேன். காலையில இருந்து நாக்கு ஒட்டிக் கிடக்கு... ஆஹா. தண்ணி இம்புட்டு ருசியா இருக்குமா? போன்ல அவளுக்குப் பின்னாடி பிள்ளைக சத்தம் கேட்டுச்சு, தெருவுல விளையாடுதுங்க போல. அந்தச் சத்தத்தக் கேட்டதும்தான் எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

ஆமா. பால்வாடிதான். சின்னப் பிள்ளைகதான் வரும். ரெண்டு வயசு, மூணு வயசு...

இருங்க. இருங்க தம்பி. அவசரப்படாதீங்க. அங்க என்ன பச்சையாவா குடுப்பாங்க? உலையில ஊத்திக் கொதிக்க வைப்பாங்க. கொதிச்சா எல்லாம் செத்துரும்... மருந்து என்ன கிருமியா சாகுறதுக்குங்கிறீங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். சரி, டீச்சரம்மா மோந்து பாத்திருக்காதா? ஊர்ல அத்தனை பேருக்கும் மசக்கை மூக்கு இல்லதான். ஆனா அது அந்த ட்ரம்தான்னு என்ன நிச்சயம்? நல்ல ட்ரம்மாவும் இருக்கலாம்ல. மசக்கைக்காரி சொல்றத வச்சு நம்ம பதறலாமா? காலையில இருந்து நான் பதறினது வேற தம்பி. அது என் பிள்ளை.

போனை இழுக்காதீங்க. தர்றேன். உங்க போன்தான், நான் என்ன முழுங்கிரவா போறேன்?

கொஞ்சம் யோசிங்க. இப்பப் போன் பண்ணி, அந்த ட்ரம்முல விசம் இருக்கும்மான்னு சொன்னா என்ன ஆகும்? ஊரே கூடிரும். குடுத்தது யாரு? இன்னாரு மருமக. அனுப்பினது யாரு? அவ அப்பன். அந்த ஊர்ல என் மக காலத்துக்கும் வாழணும் தம்பி. பிள்ளைகளுக்கு விசம் குடுத்தவன்னு ஆயிருச்சுன்னா அவ எந்தத் தெருவுல நடப்பா? மாமியார் வீட்டுல வச்சிருப்பாங்களா? நீங்க கமுதியில இறங்கி உங்க வேலையப் பாக்கப் போயிருவீங்க. நானே நேராப் போறேன். வேற நல்ல ட்ரம் ஒண்ணு வாங்கி ஆட்டோவுல போட்டுட்டுப் போய், நைசா அத எடுத்துட்டு இத வச்சிர்றேன். ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

மணி என்ன? பதினொண்ணரையா? பால்வாடியில எத்தனை மணிக்குத் தம்பி சோறு போடுவாங்க? உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல. பன்னெண்டு இருக்குமா? கமுதிக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு? சுத்தி ஒரே கருவேலங்காடா இருக்கு, ஒண்ணும் பிடிபடல.

திட்டாதீங்க தம்பி. நான் கெட்டவன் இல்ல. அந்தப் பொண்ணு மட்டும் ட்ரம்மையே சிவப்பாச் செஞ்சிருந்தா இன்னைக்கு இப்படி ஆகுமா? எல்லாம் அந்தப் பொண்ணு போட்ட...

அடிக்குது. போன் அடிக்குது. அவதான், அவ நம்பர்தான். கையை எடுங்க, நானே பேசுறேன்.

ஹலோ... ஆமாம்மா, அப்பாதான். எதுக்குக் கேட்டேனா? சும்மா... சும்மாதாம்மா. இன்னும் பிள்ளைக சத்தம் கேக்குது, நீ வீட்டுல இல்லையா?... பால்வாடியிலயா? நீ எதுக்கு அங்க போன?... மாசமா இருக்குறவங்களுக்கு எடை பாக்குற நாளா?... காலையில இருந்து அங்கதான் இருக்கியா?... என்னது, சத்துமாவா? எதுல கரைச்சாங்க?... ஏ புள்ள, எந்தத் தண்ணியில கரைச்சாங்க?... வெல்லம் போட்டிருக்கா, வாடை தெரியலையா... குடிச்சிட்டியா? இல்ல, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. குடிச்சிட்டியா இல்லையா?... கையிலதான் இருக்கா? கீழ வை. கீழ வைங்கிறேன்ல! பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சா?... வரிசையா உக்கார வச்சிருக்காங்களா? ஐயோ, டீச்சரம்மாகிட்டச் சொல்லு, ஒருத்தருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லு... ஏன்னா... அந்த ட்ரம்மு வந்து... அந்த ட்ரம்முல...

சிரிக்கிறா தம்பி. அவ சிரிக்கிறா. "என்னப்பா உளர்றீங்க, அது நீங்களே பாத்து அனுப்புன ட்ரம்மு, கண்ண மூடிக்கிட்டுக் குடின்னு நீங்கதானே சொன்னீங்க"ங்கிறா. டீச்சரம்மாகிட்டச் சொல்லிச் சிரிக்கிறா, எங்கப்பாவுக்கு வெயில் மண்டைக்கு ஏறிருச்சுன்னு.

இந்தாங்க தம்பி. பிடிங்க. நீங்க பேசுங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்குறா. குடிக்காத, யாருக்கும் குடுக்காதன்னு சொல்லுங்க. கத்திச் சொல்லுங்க தம்பி. யாரு பேசுறதுன்னு கேட்டா, ட்ரம் கம்பெனியில இருந்து பேசுறேன்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லாதீங்க. கம்பெனின்னு சொல்லுங்க.